பயாப்ஸி வலிக்கவில்லை, காற்று அடைத்தபோது வலித்தது: குடலின் வலி நரம்புகள் எங்கே இருக்கின்றன?

கேள்வி: எனக்கு வயது 36. மூன்று வருடங்களாக அடிவயிற்றில் வலி வந்து வந்து போகிறது. கடுமையான வயிற்றுப்போக்கு ஒன்று வந்து சரியான பிறகுதான் இது ஆரம்பித்தது. ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், கொலோனோஸ்கோபி எல்லாம் எடுத்தாயிற்று. எல்லாமே நார்மல். "ஐபிஎஸ் (எரிச்சலூட்டும் குடல் நோய்க்குறி), பயப்பட ஒன்றுமில்லை" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். குடலில் வலியை உணரும் நரம்பு செல்களை விஞ்ஞானிகள் கண்டுபிடித்துவிட்டதாகச் சமீபத்தில் படித்தேன். என் குடலில் அவை எங்கே இருக்கின்றன என்று பரிசோதித்துப் பார்க்க முடியுமா? கண்டுபிடித்தால் அவற்றை மட்டும் வெட்டி எடுத்துவிடலாமா? இன்னொரு சந்தேகம். கொலோனோஸ்கோபியில் நான் விழித்துக்கொண்டுதான் இருந்தேன். பயாப்ஸிக்குச் சதையைக் கிள்ளி எடுத்தபோது வலிக்கவே இல்லை. காற்று அடைத்தபோது மட்டும் துடித்துப்போனேன். ஏன் அப்படி? கொலோனோஸ்கோபியை மறுபடி ஒருமுறை செய்து பார்க்கலாமா?

பதில்: முதல் இரண்டு கேள்விகளுக்குப் பதில் சுருக்கமானது. ஒருவருடைய குடலில் உள்ள வலி நரம்புகளை அடையாளம் காட்டும் பரிசோதனை சிகிச்சை நடைமுறையில் இன்று இல்லை. அவற்றை மட்டும் தேடிப்பிடித்து அகற்றும் சிகிச்சையும் இல்லை. நீங்கள் படித்த செய்தி பொய்யல்ல. ஆனால் அந்த வேலையில் பெரும்பகுதி ஆய்வுக்கூடச் சுண்டெலிகளில் நடந்தது. உங்களுக்கு அதனால் பயன் உண்டு, நீங்கள் எதிர்பார்க்கும் விதத்தில் அல்ல.

உங்கள் மூன்றாவது கேள்விதான் எனக்குப் பிடித்தது. சந்தேகம் என்று எழுதியிருக்கிறீர்கள். இந்தத் துறையில் இருப்பவர்கள் பல காலமாக மண்டையை உடைத்துக்கொள்ளும் விஷயமே அதுதான்.

தோலில் கிள்ளினால் வலிக்கும், வெட்டினால் வலிக்கும், சுட்டால் வலிக்கும். உடலுக்குச் சேதம் செய்யக்கூடிய எதுவோ அதை உணர்வதே வலி நரம்பின் வேலை என்ற கருத்தை சார்லஸ் ஷெரிங்டன் 1906-இல் முன்வைத்தபோது, அது தோலுக்குக் கச்சிதமாகப் பொருந்தியது. குடலுக்குப் பொருந்தவில்லை. ஆரோக்கியமான குடலின் உட்சுவரைக் கிள்ளலாம், வெட்டலாம், மின்சாரத்தால் சுட்டுப் பாலிப்பை அகற்றலாம், ஆளுக்குத் தெரியாது. ஆனால் குடலை ஊதிப் பெரிதாக்கினாலும், அதைத் தாங்கிப் பிடித்திருக்கும் குடல்தாங்கிச் சவ்வைப் பிடித்து இழுத்தாலும், ரத்த ஓட்டம் தடைபட்டாலும், அழற்சி வந்தாலும் வலி தாங்காது. பிரசவ வலியோடு ஒப்பிடும் அளவுக்குக் கடுமையான வலிகள் இதில் உண்டு. வெறும் காற்று எந்தத் திசுவையும் கிழிப்பதில்லை, இருந்தும் நீங்கள் துடித்தீர்கள். கிள்ளியது ஒரு துண்டுத் திசுவையே எடுத்துவிட்டது, நீங்கள் உணரவில்லை. ஆகவே குடலில் எது வலி நரம்பு என்று கேட்டால், சேதத்தை உணர்வது எதுவோ அது என்று சொல்லித் தப்பிக்க முடியாது. வேறு வழியில்தான் தேட வேண்டும்.

தேடுவதற்கு முன் இன்னொரு சிக்கல் இருக்கிறது. அந்த செல்கள் குடலிலேயே இல்லை.

குடல் சுவருக்குள் நரம்பு செல்கள் ஏராளம். 10 கோடிக்கும் மேல். குடலுக்கென்று தனி மூளை இருப்பதாகப் பத்திரிகைகள் எழுதுவது இவற்றைத்தான். உணவைத் தள்ளுவது, நீரைச் சுரப்பது, ரத்த ஓட்டத்தைக் கூட்டிக் குறைப்பது போன்ற உள்ளூர் நிர்வாகம்தான் இவற்றின் முக்கிய வேலை. நீங்கள் உணரும் வலி மூளைக்குப் போவது வேறு பாதையில். முதுகெலும்பின் இரு பக்கமும், தண்டுவடத்தை ஒட்டி, சிறு சிறு நரம்பு முடிச்சுகள் வரிசையாக இருக்கின்றன. குடல் வலியைக் கொண்டுசெல்லும் செல்களின் உடல் அங்கே இருக்கிறது. அங்கிருந்து ஒரு நீண்ட இழை குடல் வரை வந்து முடிகிறது, இன்னொரு கிளை தண்டுவடத்துக்குள் நுழைகிறது. கொலோனோஸ்கோபி எத்தனை கூர்மையாகப் பார்த்தாலும் இந்த செல்கள் கண்ணில் படாது. குடலில் இருப்பது இழையின் நுனி மட்டும், அதுவும் சாதாரணக் கண்ணுக்கோ கேமராவுக்கோ தெரியாத அளவு மெல்லியது.

(மூளைத்தண்டிலிருந்து வயிறு வரை நீளும் வேகஸ் நரம்பு வழியாகவும் குடலிலிருந்து தகவல் போகிறது. அதன் செல்கள் மண்டை ஓட்டின் அடிப்பகுதிக்குக் கீழே, கழுத்தின் மேல்பக்கம் உள்ள ஒரு முடிச்சில் இருக்கின்றன. வயிறு நிறைந்த உணர்வு, குமட்டல் போன்றவை பெரும்பாலும் அந்தப் பாதையில் போகின்றன. உங்கள் பிரச்சினைக்கு முதுகெலும்புப் பக்கத்து முடிச்சுகளே முக்கியம்.)

ஒரே முடிச்சில் தோல், தசை, மூட்டு, சிறுநீர்ப்பை, குடல் என்று எல்லாவற்றுக்குமான செல்கள் கலந்து கிடக்கின்றன. உள்ளுறுப்புகளுக்கானவை மொத்தத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. பல ஊர்ப் பயணிகள் கலந்து நிற்கும் பேருந்து நிலையத்தில் ஒரு சிற்றூர்க்காரர்களை மட்டும் பிரித்தெடுக்கிற மாதிரியான வேலை இது. வெளித்தோற்றத்தை வைத்து எதுவும் சொல்ல முடியாது.

ஆய்வாளர்கள் செய்த தந்திரம் எளிமையானது. சுண்டெலியின் பெருங்குடல் சுவரில் ஒரு சாயத்தை ஊசியால் செலுத்துவார்கள். அங்கே முடியும் நரம்பு நுனிகள் சாயத்தை உறிஞ்சிக்கொள்ளும். சில நாட்களில் அது இழை வழியே பின்னோக்கிப் பயணம் செய்து செல்லின் உடலை எட்டிவிடும். பிறகு நரம்பு முடிச்சை எடுத்து, புற ஊதா ஒளியில் பார்த்தால், குடலோடு தொடர்புள்ள செல்கள் மட்டும் நீலமாக ஒளிரும். அவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்து, எந்தெந்த மரபணுக்கள் வேலை செய்கின்றன என்று படிக்கலாம். 2019-இல் இப்படிச் செய்த ஓர் ஆய்வு, சுண்டெலியின் பெருங்குடலுக்கு வரும் உணர் செல்களில் ஏழு வகை இருப்பதாகக் காட்டியது. நீங்கள் படித்தது இதை ஒட்டிய செய்தியாக இருக்கலாம்.

சரி, ஏழு வகை கிடைத்துவிட்டது. அதில் வலி செல் எது? இங்கேதான் செய்தித் தலைப்புகளுக்கும் உண்மைக்கும் இடைவெளி விழுகிறது.

மரபணுப் பட்டியல் ஒரு செல்லிடம் என்ன கருவிகள் இருக்கின்றன என்று சொல்லும். அது எப்போது சத்தம் போடும் என்று சொல்லாது. அதற்கு நரம்பையே ஒட்டுக்கேட்க வேண்டும். ஒரு துண்டுக் குடலை நரம்போடு சேர்த்து எடுத்து, உயிரோடு வைத்து, நரம்பில் ஓடும் மின்துடிப்புகளைப் பதிவு செய்வார்கள். குடலின் உட்பரப்பை மெல்லிய இழையால் வருடுவார்கள், இழுத்து நீட்டுவார்கள், மழுங்கிய நுனியால் குத்துவார்கள். சில நரம்புகள் வருடலுக்கே துடிக்கும். சில நீட்டும்போது மட்டும். சில பலமாகக் குத்தினால் மட்டுமே பதில் சொல்லும், அவற்றின் நுனிகள் குடலின் வெளிப்போர்வையிலும் குடல்தாங்கிச் சவ்விலும், பெரும்பாலும் ரத்தக்குழாய்களைச் சுற்றி முடிகின்றன. சுண்டெலிப் பெருங்குடலில் இப்படி ஐந்து வகைகளை 2004-இல் பிரித்துக் காட்டினார்கள். உங்கள் புதிருக்கான விடையில் பெரும்பகுதி இதில் இருக்கிறது. பயாப்ஸி இடுக்கி தொடுவது உட்பரப்பின் மெல்லிய சவ்வை. வலிக்குப் பெரிதும் பொறுப்பேற்கும் நுனிகள் அதற்கு வெளியே, தசையிலும் வெளிப்போர்வையிலும் குடல்தாங்கிச் சவ்விலும் இருக்கின்றன. காற்று குடலை விரிக்கும்போது அந்த எல்லா அடுக்குகளும் ஒரே நேரத்தில் இழுபடுகின்றன.

ஆனால் ஒரு வில்லங்கம். லேசான நீட்டலுக்கே துடிக்க ஆரம்பிக்கும் நரம்புகளில் பல, நீட்டல் வலிக்கும் அளவுக்குப் போன பிறகும் நிற்பதில்லை. இன்னும் வேகமாகத் துடிக்கின்றன. அப்படியானால் வலிக்கென்று தனி நரம்பு இருக்கிறதா, அல்லது வயிறு உப்புசத்தைச் சொல்லும் அதே நரம்பு உரக்கக் கத்தினால் அது வலியாகிறதா? இரண்டு கட்சியிலும் நல்ல ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். என் கணிப்பு, இரண்டும் உண்டு என்பதே. குடல் வலிக்காரர்கள் "உப்புசம்", "இறுக்கம்", "வலி" என்று மாற்றி மாற்றிச் சொல்வதைக் கேட்கும் எந்த மருத்துவருக்கும் இவற்றுக்கு நடுவில் கறாரான எல்லை இருப்பதாகத் தோன்றாது.

இன்னொரு வகையும் இருக்கிறது, அதுதான் உங்களுக்கு மிக முக்கியம். சாதாரண நேரத்தில் நீட்டினாலும் குத்தினாலும் எதுவுமே சொல்லாத நரம்புகள். இவற்றை மௌன நரம்புகள் என்று சொல்வோம். அழற்சி வந்து, அதன் ரசாயனங்கள் சுற்றிலும் பரவினால் இவை விழித்துக்கொள்ளும். விழித்த பிறகு முன்பு கவனிக்காத சாதாரண நீட்டலுக்கும் கத்த ஆரம்பிக்கும். ஆரோக்கியமான குடலில் வைத்துத் தேடினால் இவற்றைத் தவறவிட்டுவிடுவோம். உங்கள் பிரச்சினை வயிற்றுப்போக்கில் ஆரம்பித்தது என்று எழுதியிருக்கிறீர்களே, அது தற்செயல் அல்ல. குடல் தொற்றுக்குப் பிறகு ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு ஐபிஎஸ் வருகிறது. கிருமி போய்விடும், புண் ஆறிவிடும், கேமராவில் எல்லாம் பளபளப்பாகத் தெரியும். நரம்பின் உணர்திறன் மட்டும் பழைய நிலைக்குத் திரும்பாமல் இருந்துவிடலாம்.

அடையாளம் காண உதவும் மூலக்கூறுகளைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் மருந்துகள் வருவது அந்த வழியில்தான். மிளகாயின் காரத்தை உணரும் டிஆர்பிவி1 என்ற வாயிலை (நரம்பு செல்லின் சுவரில் திறந்து மூடும் புரதத்தை) டேவிட் ஜூலியஸின் குழு 1997-இல் கண்டுபிடித்தது. அழுத்தத்தை உணரும் பியசோ வாயில்களை ஆர்டெம் படாபூட்டியனின் குழு 2010-இல் கண்டுபிடித்தது. இருவரும் 2021-இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். குடலுக்கு வரும் வலி நரம்புகள் பலவற்றில் டிஆர்பிவி1 இருக்கிறது, நாவ்1.8 என்ற சோடியம் வாயிலும் இருக்கிறது. பியசோ2-க்குக் குடல் நீட்டலை உணர்வதில் பங்கு உண்டு என்று 2023-இல் வந்த சுண்டெலி ஆய்வுகள் காட்டின. ஆனால் எந்த ஒரு மூலக்கூறும் வலி செல்லில் மட்டும் இருப்பதில்லை. ஒரு முத்திரையை வைத்து ஆளைப் பிடித்துவிட முடியாது. செல் எங்கே முடிகிறது, எதற்குத் துடிக்கிறது, என்ன மரபணுக்களை வைத்திருக்கிறது, அதை ஒளியால் தூண்டினால் பிராணி வலியில் நடப்பது போல நடந்துகொள்கிறதா என்று நான்கையும் சேர்த்துப் பார்த்துத்தான் ஒரு முடிவுக்கு வருகிறார்கள்.

மனிதக் குடலிலும் இதைச் செய்யத் தொடங்கிவிட்டார்கள். அறுவை சிகிச்சையில் அகற்றப்பட்ட குடல்வால், குடல் துண்டுகளை வீசிவிடாமல் ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோய், அவற்றின் நரம்புகளிலிருந்து துடிப்புகளைப் பதிவு செய்த முதல் அறிக்கை 2011-இல் வெளிவந்தது. நல்ல வேலை. ஆனால் அது வெட்டி எடுத்த குடலில்தான் சாத்தியம். உங்கள் குடல் உங்களிடமே இருக்கட்டும்.

இனி உங்கள் வலிக்கு வருகிறேன். "எல்லாம் நார்மல்" என்று கேட்டதும் வலி மனதில் மட்டும் இருப்பதாகச் சொல்லாமல் சொல்கிறார்கள் என்று உங்களுக்குத் தோன்றியிருக்கும். கடிதத்தின் தொனியில் அது தெரிகிறது. ஸ்கேனும் கொலோனோஸ்கோபியும் குடலின் உருவத்தைப் பார்க்கின்றன. உணர்திறனைப் பார்ப்பதில்லை. உணர்திறனைப் பார்த்தவர்களுக்கு வித்தியாசம் தெரிந்தது. 1973-இல் ஜேம்ஸ் ரிச்சி என்ற ஆய்வாளர் பெருங்குடலின் கீழ்ப்பகுதியில் சிறு பலூனை வைத்து ஊதிப் பார்த்தார். உங்களைப் போன்ற பிரச்சினை உள்ளவர்களில் பலருக்கு, மற்றவர்களுக்கு வலிக்காத அளவிலேயே வலித்தது. 2004-இல், ஐபிஎஸ் உள்ளவர்களின் குடல் பயாப்ஸியில் நரம்பிழைகளுக்கு மிக அருகில் மாஸ்ட் செல்கள் (ஒவ்வாமையின்போது ரசாயனங்களைக் கொட்டும் எதிர்ப்பு செல்கள்) கூடியிருப்பதையும், அந்த நெருக்கம் வலியின் அளவோடு ஒத்துப்போவதையும் கண்டார்கள். 2008-இல் வந்த ஓர் ஆய்வில் டிஆர்பிவி1 உள்ள நரம்பிழைகள் ஐபிஎஸ் பயாப்ஸிகளில் சுமார் மூன்றரை மடங்கு அதிகமாக இருந்தன. 2021-இல் வந்த ஆய்வு இன்னும் சுவாரசியம்: குடல் தொற்று இருக்கும் நேரத்தில் சாப்பிட்ட ஓர் உணவுக்கு எதிராகக் குடலுக்குள் மட்டும் எதிர்ப்பு உருவாகி, தொற்று போன பிறகும் அதே உணவு மாஸ்ட் செல்களைத் தூண்டி வலி நரம்புகளைக் கிளப்பிவிடுவதைச் சுண்டெலிகளில் காட்டினார்கள். ஐபிஎஸ் உள்ளவர்களின் குடல் சுவரில் உணவுப் புரதங்களைச் செலுத்திப் பார்த்தபோதும் உள்ளூர் எதிர்வினை தெரிந்தது. வழக்கமான ஒவ்வாமைப் பரிசோதனையில் இது பிடிபடாது.

அப்படியானால் பயாப்ஸியில் நரம்பிழைகளை எண்ணிப் பார்க்கலாமே என்று கேட்பீர்கள். ஒரு குழுவின் சராசரி இன்னொரு குழுவின் சராசரியை விட அதிகம் என்பது ஆய்வுக்குப் போதும். இன்ன எண்ணிக்கைக்கு மேல் இருந்தால் இன்ன சிகிச்சை என்று ஒரு தனி நபருக்குச் சொல்ல அது போதாது. பணம் வாங்கிக்கொண்டு அப்படி யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

வெட்டி எடுப்பது பற்றி. கணையப் புற்றுநோயின் கடும் வலிக்கு, மேல்வயிற்றில் உள்ள நரம்புப் பின்னலில் ஆல்கஹால் செலுத்தி அழிக்கும் முறை உண்டு. நிவாரணம் பெரும்பாலும் சில மாதங்களுக்குத்தான், அந்த நோயில் அதுவே பெரிய உதவி. இன்னும் பல பத்தாண்டுகள் வாழப்போகிற உங்களுக்கு அந்தக் கணக்கு சரிவராது. நாளைக்குக் குடல்வால் வீங்கினாலோ குடல் முறுக்கிக்கொண்டாலோ உங்களை எச்சரிக்கப் போவதும் இதே நரம்புகள்தான். அதோடு, நெடுநாள் வலியில் தண்டுவடமும் மூளையும்கூட வலிச் செய்தியின் ஒலியைக் கூட்டி வைத்துக்கொள்கின்றன; நுனியை மட்டும் வெட்டினால் அது இறங்காது. வாயிலை மட்டும் அடைப்பதும் சுலபமாக இல்லை. டிஆர்பிவி1-ஐத் தடுக்கும் மருந்துகளைச் சோதித்தபோது சிலருக்கு உடல் வெப்பநிலை ஏறிவிட்டது, ஏனென்றால் அந்த வாயிலுக்கு உடல் சூட்டைக் கட்டுப்படுத்தும் வேலையும் இருக்கிறது. நாவ்1.8-ஐத் தடுக்கும் சுசெட்ரிஜின் என்ற மாத்திரைக்கு 2025 ஜனவரியில் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. அது அறுவை சிகிச்சைக்குப் பின் வருவது போன்ற திடீர் வலிக்கு. ஐபிஎஸ்ஸுக்கு அல்ல.

இன்று கையில் இருப்பவற்றைச் சொல்கிறேன். உங்கள் மருத்துவரிடம் குறைந்த அளவு அமிட்ரிப்டிலின் பற்றிக் கேளுங்கள். மனச்சோர்வு மாத்திரை என்று மருந்துக்கடைக்காரர் சொன்னால் பதறவேண்டாம். மனச்சோர்வுக்குத் தருவதைவிட மிகக் குறைந்த அளவில், வலிப் பாதையை அடக்குவதற்காகத் தருவது அது. 463 பேரை வைத்து நடந்து 2023-இல் வெளியான பிரிட்டன் ஆய்வில், 10 மில்லிகிராமில் ஆரம்பித்து 30 வரை கூட்டியபோது, ஆறு மாத முடிவில் போலி மாத்திரையை விட நன்றாக வேலை செய்தது. வாய் உலரும், தூக்கம் வரும், மலச்சிக்கல் கூடலாம். இதயப் பிரச்சினையோ வேறு மருந்துகளோ இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மலச்சிக்கலோடு வரும் ஐபிஎஸ் என்றால் லினாக்ளோடைட் என்ற மருந்து பொருத்தமாக இருக்கலாம். மலத்தை இளக்குவதோடு, குடலின் வலி நரம்புகளை நேரடியாகச் சாந்தப்படுத்துவதாக விலங்கு ஆய்வுகள் காட்டுகின்றன. உங்களுக்கு மலச்சிக்கலா, இளகலா என்று நீங்கள் எழுதவில்லை; அதை வைத்துத்தான் தேர்வு மாறும். புதினா எண்ணெய்க் குளிகைகள் சிலருக்கு உதவுகின்றன, நெஞ்செரிச்சல் இருந்தால் வேண்டாம். குடலை மையமாக வைத்த ஹிப்னாஸிஸ் சிகிச்சைக்கும் நல்ல ஆதாரம் உண்டு. மனநோய் என்று நினைத்து அதைப் பரிந்துரைப்பதில்லை, தண்டுவடத்திலும் மூளையிலும் ஏறியிருக்கும் ஒலியைக் குறைக்கத்தான். உணவுக் கட்டுப்பாடு செய்வதானால் உணவியல் நிபுணரோடு சேர்ந்து சில வாரங்கள் செய்து, பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்துப் பாருங்கள். வருடக்கணக்கில் எல்லாவற்றையும் ஒதுக்கிக்கொண்டே போகாதீர்கள்.

மார்ஃபின், டிராமடால் போன்ற ஓபியாய்டு வகை வலி நிவாரணிகள் மட்டும் வேண்டவே வேண்டாம். குடலின் ஓட்டத்தை முடக்கிவிடும், நாளாக ஆக வலியையே கூட்டிவிடும்.

கடைசியாக, கொலோனோஸ்கோபியை மறுபடி செய்வது பற்றி. இப்போது தேவையில்லை. அடுத்ததும் பெரும்பாலும் நார்மலாகவே வரும், உங்கள் சந்தேகம் அப்படியே இருக்கும். ஆனால் மலத்தில் ரத்தம், காரணமில்லாத எடைக்குறைவு, ரத்தசோகை, காய்ச்சல், தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி அல்லது வயிற்றுப்போக்கு, இவற்றில் எது வந்தாலும் காத்திருக்காமல் போய்க் காட்டுங்கள். நெருங்கிய ரத்த உறவில் யாருக்காவது குடல் புற்றுநோயோ குடல் அழற்சி நோயோ இருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். செலியாக் நோய்க்கான (கோதுமையின் குளூட்டன் குடலைப் பாதிக்கும் நோய்) ரத்தப் பரிசோதனையும் மலத்தில் கால்ப்ரொடெக்டின் (குடல் அழற்சியைக் காட்டும் புரதம்) பரிசோதனையும் ஏற்கெனவே எடுத்த பட்டியலில் இருக்கின்றனவா என்று பழைய ரிப்போர்ட்டுகளில் பாருங்கள். இல்லையென்றால், செய்ய வேண்டியது அவை இரண்டும்தான்.